பூங்காவனம் அடிச்ச காத்து

ஒரு ஊர்ல ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்துச்சாம். இந்தா, "ம்" கொட்டணும், ஆமா. நீ கொட்டலன்னா நான் பாட்டுக்கு நிறுத்திட்டுத் தூங்கிடுவேன்.

ம்.

அந்தக் கடைக்காரர் பேரு துரைக்கண்ணு. அவருக்கு ஒரே பொண்ணு, பேரு பூங்காவனம். துரைக்கண்ணுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து போச்சு. எதுத்தாப்ல ஆளு நிக்கிறது தெரியும், மூஞ்சி தெரியாது. அப்போ கடை வேலைய யாரு பாக்கறது? பூங்காவனம்தான். பஞ்சர் ஒட்டுறது, செயின் மாட்டுறது, காத்து அடிக்கிறது எல்லாமே அவதான். மனுஷன் நாள் பூரா நாற்காலியில உக்காந்துகிட்டு, கடை என்னமோ தானா ஓடுதுன்னு நெனச்சிட்டிருந்தாரு. இப்படியும் ஒரு அப்பன்!

அந்தக் கடையில ஒரு காத்து பம்பு இருந்துச்சு. கீழ ரெண்டு பக்கமும் கால் வைக்கிற இரும்பு, நடுவுல உசரமா குழாய், மேல பிடி, சக்கரத்துல மாட்ட ஒரு ரப்பர் குழாய். பூங்காவனம் ஏறி நின்னு பிடிய இழுத்து அமுக்கினா உஸ்ஸ்ஸ்-டக், உஸ்ஸ்ஸ்-டக்னு காத்து உள்ள போகும். அந்தச் சத்தம்னா அவளுக்கு உசுரு.

ஒருநாள் துரைக்கண்ணு, "பொம்பளப் புள்ள கையில கடைய விட்டா ஊரு சிரிக்கும். உனக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்து, கடைய அவனுக்கே குடுத்துடப் போறேன்"னாரு.

பூங்காவனம் மாட்டிட்டிருந்த செயின அப்படியே விட்டுட்டு எந்திரிச்சா. மாப்பிள்ளை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். கடை போயிடுச்சுன்னா அவ என்னடா பண்ணுவா? "அப்பா, கடைய நானே பாத்துக்கறேனே"ன்னா.

"நீ சும்மா இரு!"

அப்புறம் அவரு ஊரக் கூட்டிட்டாரு. கடை வாசல்ல பெரிய கேரியர் வச்ச லோடு சைக்கிள் ஒண்ணு ரொம்ப நாளா வெயில்ல நின்னுச்சு. பின் சக்கரம் சப்பைன்னா சப்பை. "இதுக்கு எவன் கல்லு மாதிரி காத்து அடிக்கிறானோ, அவனுக்குத்தான் பொண்ணும் கடையும்!"னு சொல்லிட்டாரு.

பூங்காவனம் குனிஞ்சு சக்கரத்தப் பாத்தா. காத்து போற வாய் இருக்கில்ல, அதுக்குள்ள குட்டியூண்டு ரப்பர் இருக்கும். வால்டியூப்னு சொல்லுவாங்க. காத்த உள்ள விடும், வெளிய விடாது. அது காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. "அப்பா, வண்டியில ஒரு கோளாறு..."ன்னு ஆரம்பிச்சா.

"என் வண்டியில கோளாறா? வாய மூடு!"

சரி, போங்கன்னு வாய மூடிக்கிட்டா. கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம் அவளுக்கு. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ மொதல்ல வந்தான் பயில்வான் வீரபத்திரன். தொடையத் தட்டிக்கிட்டு வந்தவன் பம்புல கால் வைக்கணும்னு கூடத் தெரியாம, பிடியப் புடிச்சு ஒரே இழு! பம்பு மொத்தமும் மேல வந்துடுச்சு, இவன் மல்லாக்க தொபுக்கடீர்! எந்திரிச்சு, கால வச்சு, திரும்பவும் டமால் டமால்னு அடிச்சான். காத்து உள்ள போச்சு. ரப்பர் குழாயக் கழட்டினான். புஸ்ஸ்ஸ்! சக்கரம் பழையபடி சப்பை. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு போயிட்டான்.

அப்புறம் வந்தான் அரிசி மில்லு வீட்டுப் புள்ள சிங்காரவேலு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மசி ஒட்டிடுமாம், ரெண்டு வெரலால பிடியத் தொட்டுக்கிட்டு டிக் டிக் டிக்னு மேலாப்புல அடிச்சான். கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கவும், சாயறதுக்குப் பம்புக் குழாயவே புடிச்சுட்டான். அடிக்க அடிக்கக் குழாய் அடியில சூடாகுமில்ல? "ஐயோ, சுட்டுடுச்சு! அம்மா!"ன்னு கைய ஊதிக்கிட்டே ஓடினான் பாரு, செருப்பக் கூட எடுக்கல.

ஏய், சிரிக்காத. தூக்கம் கலைஞ்சு போயிடும்.

அப்புறம் மூணாவதா வந்தான் கஜபதி. வாய் இருக்கே, வாய்! "என் வித்தைய யாரும் பாக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு, வண்டியையும் பம்பையும் கடைக் கொட்டகைக்குப் பின்னாடி உருட்டிட்டுப் போனான். பம்புச் சத்தமே கேக்கல. ஆனா திரும்பி வந்தப்போ சக்கரம் கும்முனு இருந்துச்சு! துரைக்கண்ணு தடவித் தடவி வந்து கட்டை வெரலால அமுக்கிப் பாத்தாரு. வெரல் உள்ள போகவே இல்ல. "ஜெயிச்சுட்டான்யா என் மருமவன்!"னு மடியிலேர்ந்து கடைச் சாவிய எடுத்துட்டாரு.

பூங்காவனம் குறுக்க வந்து நின்னா. "சாவி எங்கயும் போயிடாதுப்பா. மொதல்ல வண்டிய ஓட்டிக் காட்டச் சொல்லுங்க"ன்னா.

"ஓட்டணுமா?"ன்னு கஜபதி தலையச் சொறிஞ்சான்.

"பின்ன, வண்டிய வச்சு பூஜையா பண்றது?"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேக்கவும், வேற வழியில்லாம ஏறி மிதிச்சான். கடக்கு முடக்கு, கடக்கு முடக்கு. நாலு மிதி மிதிச்சிருப்பான், டயர் ஓரமா என்னமோ மஞ்சளா எட்டிப் பாத்துச்சு. என்னன்னு நெனக்கிற?

என்ன?

வைக்கோல்! டியூப உருவிப் போட்டுட்டு டயருக்குள்ள வைக்கோலத் திணிச்சிருக்கான், படுபாவி! அப்போ எங்கேர்ந்தோ ஒரு ஆடு வந்து "மே"ன்னு தொங்குற வைக்கோலப் புடிச்சு இழுக்குது. இவன் மிதிக்க, அது இழுக்க, வைக்கோல் தெருவெல்லாம் சிந்த, ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது. கஜபதி வண்டியப் போட்டுட்டு எடுத்தான் பாரு ஓட்டம்!

துரைக்கண்ணுக்கு அவமானமாப் போச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

அப்போ பூங்காவனம் யாரையும் கேக்கல. பாவாடைய எடுத்துச் சொருகினா. வண்டியச் சாய்ச்சா. வைக்கோல உருவி ஆட்டுக்குப் போட்டா. கொட்டகைக்குப் பின்னாடி கெடந்த டியூப எடுத்து உள்ள வச்சா, புது வால்டியூப் மாட்டினா, நட்ட இறுக்கினா. அப்புறம் பம்பு மேல ரெண்டு காலும் வச்சு நேரா நின்னா. பிடிய மேல வரைக்கும் இழுத்தா, கீழ வரைக்கும் அமுக்கினா. உஸ்ஸ்ஸ்-டக். உஸ்ஸ்ஸ்-டக். அவசரமும் இல்ல, அலட்டலும் இல்ல. ரப்பர் குழாயக் கழட்டி, வெரல்ல எச்சி தொட்டு, காத்து போற வாய்ல வச்சா. ஒரு குமிழி கூடக் கெளம்பல. காத்து உள்ளயே நின்னுடுச்சு!

"அப்பா, வந்து அமுக்கிப் பாருங்க."

அவரு வந்து அமுக்கினாரு. கல்லு. திரும்பவும் அமுக்கினாரு. கல்லுதான். "இப்படி அடிக்க எப்பம்மா கத்துக்கிட்ட?"ன்னாரு.

"உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போனதுலேர்ந்து இந்தக் கடையில யாரு காத்து அடிக்கிறான்னு நெனச்சீங்க?"

துரைக்கண்ணுக்கு அழுகை வந்துடுச்சு. "நீ பேச வந்தப்பல்லாம் நான் வாய மூடச் சொன்னேனே, தாயி"ன்னு அவ கையத் தேடிப் புடிச்சு, சாவிய அதுல வச்சு மூடினாரு. "கடை உன்னுது. மாப்பிள்ளைய உனக்குப் புடிச்சப்போ நீயே பாத்துக்க."

அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? கடையப் பூட்டினா. அப்பாவத் தூக்கி லோடு சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சா. ஏறி ஒரு மிதி! வண்டி சர்ருனு போகுது. ஊரு சிரிக்கும்னு பயந்த மனுஷன் இருக்காரே, அவரு பொண்ணு இடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்திக்கிட்டே போனாராம்:

"ஒதுங்குங்கய்யா, ஒதுங்குங்க! எங்க கடைக்காரி வர்றா!"

ம்...

அடிச்ச காத்தும் நின்னுச்சு, சொன்ன கதையும் நின்னுச்சு. கண்ண மூடு, கண்ணு.