யாரும் பார்க்காத அணில்குட்டி

‘பிள்ளை இருக்கிற வீட்டில் எதை ஒளித்தாலும்…’ என்று தொடங்குவார், எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசும் பெரியவர் ஒருவர். மீதி எனக்கு மறந்துவிட்டது.

குழந்தைகளுக்குப் படக்கதை வரையும் எஸ்தர் டீச்சரிடம் தாமோதரன் வரையக் கற்றுக்கொண்டிருந்தார். பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். தங்கை ஜெயிலுக்குப் போனதும், அவளுடைய ஐந்து வயது மகள் கனிஷ்காவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்துவிட்டார். ‘அம்மா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கா’ என்று குழந்தையிடம் சொல்லிவைத்திருந்தார்.

ஜெயிலில் மனு போட்டுத் தங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், “பாப்பாவக் கூட்டிட்டு வாண்ணே” என்பாள் அவள். இவர் தனியாகவே போய் வந்தார்.

ஒருநாள், வரைந்து முடித்த புத்தகத்தோடும் குழந்தையோடும் டீச்சர் வீட்டுக்கு வந்தார். தாய் அணில் பழம் கொண்டுவரக் கடல் தாண்டிப் போகிறது. குட்டி ஊரில் எல்லோரோடும் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் கதை.

“இது போதுமா டீச்சர்? அவ மனசு ஆறுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? அவ கையில குடுங்க.”

“அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வராது. நான் படிச்சுக் காட்டுறேன்.”

“நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

கனிஷ்கா பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு புரட்டினாள்.

“மாமா, இது எலியா?”

“அணில்டா கண்ணு.”

“எலிதான்.”

டீச்சர் சிரித்துவிட்டார். குழந்தை கடைசிவரை புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“ஏன் மாமா இந்தக் குட்டிய யாருமே பாக்கல?”

தாமோதரன் குனிந்தார். காக்கை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்திருந்தது. மைனா முதுகைக் காட்டியது. அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

“நான் இப்படி வரையணும்னு நினைக்கலையே டீச்சர்.”

“கை நினைச்சிருக்கு.”

டீச்சர் குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “ஏன் யாரும் பாக்கலன்னு நீ சொல்லேன்.”

“குட்டி ஏதோ தப்பு பண்ணிருக்கும்.”

“என்ன தப்பு?”

“தெரியல. அதனாலதான் அதோட அம்மா போயிருச்சு. என்ன தப்புன்னு யாரும் அதுகிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க.”

சொல்லிவிட்டு, கலர் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

தாமோதரன் புத்தகத்தை மூடினார். திறந்தார்.

“எழுத்தை மாத்தட்டுமா, படத்தை மாத்தட்டுமா?”

“ரெண்டும் அப்புறம்.”

“ஜெயிலுன்னு சொன்னா பயந்துருவா டீச்சர். இந்த வயசுல எப்படித் தாங்குவா?”

“இப்ப எதைத் தாங்கிட்டிருக்கான்னு அவ வாயாலயே கேட்டீங்கல்ல?”

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

டீச்சர் அந்த அணில்குட்டியின் மேல் விரலை வைத்தார். “இந்த ஊர்ல ஒருத்தராவது இதோட மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்.”

அடுத்த தடவை தங்கையைப் பார்க்கப் போகும்போது கனிஷ்காவையும் அழைத்துப் போவது என்று தாமோதரன் அன்று முடிவு செய்தார். எங்கே போகிறோம் என்பதை அதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுவது என்றும்.