தொடாமல் பார்த்த கிட்டார்

நாகர்கோவிலில் பழைய வாத்தியக் கடை வைத்திருந்த பொன்னையா அண்ணாச்சிக்குத் தன் குரல்மேல் அப்படி ஒரு பெருமை. அதைவிடப் பெருமை தன் கடைச் சட்டத்தின்மேல்: "தொட்டா வாங்கியாச்சு!"

கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் ஜெஸிந்தா, வளையலை விற்ற பணத்தோடு வந்து நின்றாள். சுவரில் ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று, வயலின் மாதிரி உள்ளே வெற்றுக் கூடாக, பளபளவென்று தொங்கியது.

"வாசிச்சுப் பாக்கட்டா அண்ணாச்சி?"

"தொடாமப் பாரு பிள்ள. கண்ணு எதுக்கு இருக்கு?"

"சரி. அப்போ அதுக்குப் பக்கத்துல நின்னு ஒரு பாட்டுப் பாடுங்களேன். உங்க குரலைக் கேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைச் செருமிக் கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தார். கிட்டாரின் வயிற்றுக்குள்ளிருந்தும் கர்ர்ர் என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவர் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது.

"ஃபேன் சத்தம்!" என்றார்.

ஜெஸிந்தா ஃபேனை அணைத்தாள். அவர் மறுபடி இழுத்தார். கர்ர்ர்! கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள்.

"உள்ளே ஒட்டின கட்டை விட்டுப்போச்சு அண்ணாச்சி, அதான் உங்க குரலுக்கு அதிருது," என்றாள் ஜெஸிந்தா. "உங்க குரல் பிரமாதம். அப்படியே அடுத்த கிட்டார் பக்கம் நகந்து நின்னு பாடுங்க, அதையும் பாத்துக்கிடுதேன்."