அணில் பார்க்காத வளை

மருதங்குளத்துக் கரையில் பறவைகளும் விலங்குகளும் சேர்ந்து ஒரு தொழில் சங்கம் வைத்திருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் பெரிய மருதமரத்தடியில் கூடும். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர். கூடு பின்னத் தூக்கணாங்குருவி, பொந்து போட மரங்கொத்தி, தேனுக்குத் தேனீ, கொட்டை வியாபாரத்துக்கு அணில். பொந்து வேண்டும் என்று யாராவது தேனீயிடம் புலம்பினால், அது நேராக மரங்கொத்தியிடம் அனுப்பிவிடும். தேன் கேட்பவரை மரங்கொத்தி தேனீயிடம் அனுப்பும். இப்படி எல்லோருக்கும் பிழைப்பு நடந்தது.

சங்கத்தின் தலைவர் நாரை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே பொழுது சாயும் வரை பேசக் கூடியது. அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. யாரும் வெறுங்கையோடு கூட்டத்துக்கு வரக் கூடாது. சக உறுப்பினருக்கு ஒரு புது வாடிக்கை கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தைப் பார்க்க ஒரு விருந்தாளியையாவது அழைத்துவர வேண்டும்.

அணிலின் பேச்சுக்குக் காட்டில் தனி மதிப்பு. கடித்துப் பார்க்காமல் ஒரு கொட்டையைக்கூட அது நல்லது என்று சொன்னதில்லை. "அணில் சொன்னா சரியா இருக்கும்" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

அந்தக் கோடையில் கொட்டை வியாபாரம் படுத்துவிட்டது. அணில் யாரையும் பார்க்கவும் இல்லை, யாரையும் அனுப்பவும் இல்லை.

"என்ன அணிலாரே, இந்த வாரமும் வாலை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றது நாரை. எல்லோரும் சிரித்தார்கள். அணிலுக்கு அவமானமாகிவிட்டது.

"நம்ம சங்கத்துல வளை தோண்ட ஆளே இல்ல. மழைக்காலம் வருது. அந்தத் தொழில்காரர் யாரையாவது கூட்டிட்டு வாங்க!" என்றது நாரை.

அணில் காடெல்லாம் ஓடியது. காட்டின் ஓரத்தில், ஆற்று மணல்திட்டில், ஒரு பெருச்சாளி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை எங்க சங்கத்துக்கு வாங்க! சேரணும்னு கட்டாயம் இல்ல. சும்மா வந்து பாருங்க! நாலு பேரு பழக்கமாவாங்க, வேலை தானா தேடி வரும்!"

பெருச்சாளி தயங்கியது. "நான் மணல்ல தோண்டிப் பழகினவன், அணிலய்யா. உங்க பக்கம் குளத்தங்கரை, களிமண்ணு. அது எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியாதே."

"அதெல்லாம் வேலை வந்தா பழகிடும்! வாங்கண்ணே!"

பெருச்சாளியின் வளைக்குள் எட்டிப் பார்க்கக்கூட அணிலுக்கு நேரமில்லை. விருந்தாளி கிடைத்த சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பெருச்சாளி கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"இவரோட வேலையை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டது நாரை.

எல்லோருடைய கண்ணும் அணிலின் மேல் இருந்தது. இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

"பார்த்திருக்கேன்! இவர் தோண்டின வளையில என் பிள்ளைகளையே தூங்க வைப்பேன்!"

எல்லோரும் இறக்கை தட்டினார்கள். பெருச்சாளி அணிலைத் திரும்பிப் பார்த்தது. ஏதோ சொல்ல வந்து, பேசாமல் தலையைக் குனிந்துகொண்டது. அதற்கும் பிழைப்பு வேண்டுமே.

புதர் மறைவில் ஒரு முயல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. முள் குத்தி அதன் முன்கால் ஒன்று ஊனமாகியிருந்தது. அதனால் வளை தோண்ட முடியாது. அதற்கோ பிள்ளை பெறும் நேரம்.

"அண்ணே, நீங்க சொன்னா போதும். அவரையே தோண்டித் தரச் சொல்றேன்" என்று அணிலிடம் சொன்னது முயல்.

அப்படியே குளத்தங்கரையில் வேலை நடந்தது. வளை முடிந்ததும் முயல் மறுபடி வந்தது. "குடி போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்களேன், அண்ணே. மேல மண்ணு கொஞ்சம் ஈரமா இருக்கு."

அணில் அப்போது அடுத்த விருந்தாளியைத் தேடிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கைதட்டல் ருசி கண்டுவிட்டது அல்லவா!

"நான் சொன்னா சொன்னதுதான், தங்கச்சி. தைரியமா குடி போ!"

முயல் குடி போனது. அழகாக மூன்று குட்டிகள் பிறந்தன.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை, முயல் புல் மேய்ந்துவிட்டு வருவதற்குள் வளை இடிந்து மூடிக்கொண்டது. முயல் ஒற்றைக் காலால் மண்ணைப் பறித்தபடி அலறியது. பெருச்சாளி ஓடி வந்து நகம் பிய்யத் தோண்டியது. அணிலும் தோண்டியது. குட்டிகளை வெளியே எடுத்தார்கள். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேனே, அணிலய்யா... கூட்டத்துலயாவது நான் வாயைத் திறந்திருக்கணும்" என்று பெருச்சாளி அழுதது. அன்றே அது அந்தக் காட்டை விட்டுப் போய்விட்டது.

"தங்கச்சி..." என்றது அணில்.

முயல் குட்டிகளை நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. தலை நிமிராமலே சொன்னது. "அந்தப் பெருச்சாளியை எனக்குத் தெரியாது, அண்ணே. உங்களைத்தான் எனக்குத் தெரியும்."

அடுத்த வெள்ளிக்கிழமை அணில் சங்கத்தில் எழுந்து, தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதை ஒப்புக்கொண்டது. நாரை அன்று நீளமாகப் பேசவில்லை. வெறுங்கையோடு வரக் கூடாது என்ற வழக்கத்தையும் அன்றோடு எடுத்துவிட்டது.

அடுத்த மழைக்கு முன்னால் அணில் ஊரெல்லாம் அலைந்து ஒரு முள்ளம்பன்றியைக் கண்டுபிடித்தது. அது குளத்தங்கரையிலேயே பிறந்து, அங்கேயே தோண்டிப் பழகியது. மழை வந்ததும், கொட்டுகிற மழையிலேயே அதன் வளைக்குள் அணில் தானே படுத்துப் பார்த்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு பிடி மண் உதிரவில்லை. நனைந்த வாலோடு முயலிடம் ஓடியது.

"தங்கச்சி! இந்தத் தடவை நானே படுத்துப் பார்த்தேன்! சத்தியமா நல்ல வளை!"

முயல் பொறுமையாகக் கேட்டது. "சரிண்ணே, பார்க்கலாம்" என்றது.

பிறகு நொண்டிக்கொண்டே போய்க் காரைப் புதரடியில் நனைந்தபடி படுத்துக்கொண்டது.

நேரில் பார்க்காத வேலையைப் பார்த்ததாக யாருக்கும் சாட்சி சொல்லாதீர்கள், ஏனென்றால் கேட்பவர் நம்மை நம்பித்தான் அங்கே போகிறார்.