ஒளி திரும்பிய அளவு

தம்மிடம் ஆய்வு செய்த இசக்கியப்பனின் கருமாதிக்கு அவன் ஊருக்குப் போயிருந்த ஆசான், திரும்பிப் பஸ் இறங்கியதும் நேராக லேசர் அறைக்கு வந்தார்.

ஆசான் என்பது ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நேரில் சார். முழுப்பெயர் பேராசிரியர் ஆவுடைநாயகம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

உள்ளே பிரம்மசக்தி பட்டுப்புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். அன்று மதியம் அவளுக்கு வைவா, ஆய்வேட்டின் மேல் வாய்மொழித் தேர்வு. முடிந்தால் டாக்டர் பிரம்மசக்தி. மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று.

"சார், எடுத்த எடுப்புல ஒளியத் திருப்புறது எதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"காந்தத்தப் போடு. ஒருக்க அளந்து காட்டு."

"இப்பவா சார்?"

"இப்பத்தான்."

ஆசான் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, சில்லைத் தாமே காந்தத்துக்கு நடுவில் பொருத்தினார்.

ஆய்வேட்டுக்காக அவள் அளந்த சில்லு ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் தங்கமும் கோபால்ட்டும் அடுக்கிய வட்டுகள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கும். லேசர் ஒளி உள்ளே போனால் தங்கம் அதைத் தன் விளிம்பில் இறுக்கிப் பிடிக்கும். அப்போது காந்தத்தைக் கொடுத்தால் ஒளி அதிரும் திசை லேசாகத் திரும்பும். காந்தத்தை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். பிரம்மசக்தியின் சில்லில் ஒளி லேசாகத் திரும்பவில்லை. அள்ளிக்கொண்டு திரும்பியது. ஆய்வேடே அதுதான்.

அதே சில்லை இசக்கியும் அளந்திருந்தான். அவனுக்குக் கொஞ்சூண்டுதான் வந்தது.

காந்தத்துக்குள் வைத்தால் வெறுங்கண்ணாடியும் ஒளியைத் திருப்பும். அதனால் முதலில் வெறுங்கண்ணாடியை அளந்து, அதைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்தத் தொழிலில் அது பல் தேய்ப்பது மாதிரி. இசக்கி தேய்த்திருந்தான். பிரம்மசக்தி, கழிக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள்.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வுக்கூடக் கூட்டத்தில் இசக்கி எழுந்தான். இழுத்து இழுத்துப் பேசுகிறவன்.

"வந்து... சார்... அந்தக் கழிச்சத... ஒருக்க சரி பாத்துக்கிடலாமா..."

பிரம்மசக்தி அதே இழுவையில் பதில் சொன்னாள். "வந்து... இசக்கி... ஒங்க கைய... ஒருக்க கழுவிக்கிடலாமா..."

அறையே குலுங்கிச் சிரித்தது. ஆசானும் சிரித்தார்.

அவன் கை பட்டாலே சில்லு பாழ் என்று அன்றைக்கு ஒட்டிய பேச்சு பிறகு உரியவே இல்லை. உதவித்தொகையை நீட்டிக்க ஆசான் கையெழுத்துப் போடவில்லை. இசக்கி ஊருக்குப் போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சாரம் சரிந்தது.

இப்போது பிரம்மசக்தி காந்தத்தைக் கூட்டினாள். திரையில் கோடு ஏறியது. கூட்டக் கூட்ட ஏறியது. மாற்றிக் கொடுத்தாள். இறங்கியது.

"பாருங்க சார். ஆய்வேட்டுல உள்ளது அச்சு அசலா வருது."

"ம்."

"தங்கம்தான் சார் திருப்புது. அப்படியே சொல்லிருதேன்."

ஆசான் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் அவள் பெயர். உள்ளே அவள் சில்லு.

அவள் டப்பாவைப் பார்த்தாள். காந்தத்தைப் பார்த்தாள்.

"அப்ப உள்ள இருக்கது?"

"வெறுங்கண்ணாடி."

அவள் திரையில் புரோகிராமைத் திறந்து, கழிக்கிற வரி இருக்கிறதா என்று தேடினாள்.

"புரோகிராம் கழிச்சிரும்னு நெனச்சேன் சார்."

"ம்."

"நீங்களும் பாத்தீங்கள்லா? கோபால்ட்டுன்னா ஒரு அளவுக்கு மேல ஏறாது, நின்னுரும். இது நிக்காம ஏறிச்சே. ஒரு வார்த்த சொல்லலியே சார்."

"பாக்க அழகா இருந்துச்சு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தங்கம் ஒண்ணுமே செய்யலியா?"

"செஞ்சிருக்கு. இசக்கி சொன்ன அளவுக்கு."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"வைவாவுல கண்டுபிடிச்சிருவாங்களா சார்?"

"மாட்டாங்க." ஆசான், தேர்வு நடத்த வரும் வெளியூர்ப் பேராசிரியரின் குரலை மூக்கு வழியாக எடுத்தார். "'எக்ஸலன்ட், எக்ஸலன்ட். கோடு என்ன நேரா போகுது, பேஷ்.' பெறவு கேசரி சாப்பிடுவாரு. 'ரயிலுக்கு நேரமாச்சு'ம்பாரு. அவ்வளவுதான்."

வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று முகத்தில் ரத்தம் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது.

"அப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

"இசக்கியோட அப்பா கேப்பாரு."

"அவரா?"

"ஹால்ல இருக்காரு. கடைசி வரிசை. மொட்டத்தலை."

"அவர எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் கூப்பிடல. எம்பிள்ள கைதான் தப்பான்னு கேட்டாரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதே சில்ல அளந்த பொண்ணு ஒருத்தி இருக்கான்னு மட்டும் சொன்னேன். அப்ப அந்தப் பிள்ளகிட்டயே கேட்டுக்கிடுதேன்னு கூடவே பஸ் ஏறிட்டாரு."

அவள் எழுந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடிக்கத் தெரியாதவள் மாதிரி மடித்தாள்.

"அவருக்கு இதெல்லாம் என்ன சார் புரியும்?"

"ஒண்ணும் புரியாது," என்றார் ஆசான். "நீ எதச் சொன்னாலும் நம்பிருவாரு."