தலையசைக்க மறந்த டாக்டர்

குருவுக்கு வயசு இருபத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தாறு.

குரு ஷெரின், கோயமுத்தூரில் கிடார் சொல்லிக்கொடுக்கிறவள். சொந்தமாக ஒரு ராக் பேண்டும் வைத்திருந்தாள். சீடர் கனகசபாபதி பல் டாக்டர். சும்மா சொல்லக்கூடாது, பல் பிடுங்குகிற அதே பொறுமையோடு கிடாரையும் பிடித்துக்கொண்டார் மனுஷன்.

போன வாரம் ஒரு காலேஜ் விழாவில், அந்த பேண்டில் முதல் தடவையாக, பாட்டுக்கு நடுவே தனியாக வாசிக்க அவருக்கு ஒரு சோலோ கொடுத்தார்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ரெக்கார்டில் ஓடுகிற ட்ரம்ஸோடு பழகியதை அச்சுப் பிசகாமல் வாசித்து முடித்தார்.

அவர் முடித்தார். பேண்ட் முடிக்கவில்லை.

சோலோ வாசிக்கிறவர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தால்தான் ட்ரம்மர் மொய்தீன் பாட்டுக்குத் திரும்புவான். அதுதான் அங்கே வழக்கம். டாக்டருக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் ரெக்கார்டைப் பார்த்து எவர் தலையசைப்பார்? அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை. உம்மணாமூஞ்சி மொய்தீன் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். டாக்டர் திருதிருவென்று விழித்தார். கூட்டம் ஊளையிட்டது.

இன்றைக்கு மைதானத்தில் அடுத்த நிகழ்ச்சி. இதிலும் சொதப்பினால் அந்த சோலோ கீபோர்டு வாசிக்கிறவனுக்குப் போய்விடும் என்று பேண்டின் பாடகன் கறாராகச் சொல்லிவிட்டான். ஆனால் டாக்டர் விடுகிற ஆளா? மத்தியானமே கிளினிக்கை மூடிவிட்டு, ஷெரினும் மொய்தீனும் தயார் செய்துகொண்டிருந்த மைதானத்து மேடைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மேடையில ஒரு சோலோ எதனாலங்க பிரமாதமாகுது? வேகத்தாலயா, சுத்தத்தாலயா?"

"கிடாரைக் கீழ வைங்க சார்."

வைத்தார்.

"மொய்தீனுக்கு எதிர்ல உட்காருங்க. அவன் அடிப்பான். நீங்க நிறுத்துங்க, பார்க்கலாம்."

"கையில ஒண்ணுமே இல்லாம எப்படிங்க?"

"பேசக்கூடாது. கையையும் தூக்கக்கூடாது."

மொய்தீன் அடிக்க ஆரம்பித்தான். டாக்டர் தலையசைத்தார். அவன் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி பலமாக அசைத்தார். ம்ஹூம்.

"ஏப்பா, தலையாட்டறேன்ல?" என்று கத்தியே விட்டார்.

"நான் எங்க அடிச்சிட்டிருக்கேன்னு நீங்க கேட்கவே இல்லையே டாக்டர். நடுவழியில நிறுத்துன்னா எப்படி நிறுத்தறது?"

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார். டீ வந்தது. வேண்டாம் என்றார். மொய்தீன் எங்கே தோளை ஏற்றுகிறான், எங்கே மூச்சு வாங்குகிறான் என்று கண்கொட்டாமல் பார்த்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அடி கூடியது. பின்னால் சாய்ந்தார். அடங்கியது. அட! சட்டை முழுக்க வேர்த்துப் போனது, அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில், தாளத்தில் ஒரு சுற்று முடிகிற இடத்தில் லேசாகத் தலையசைத்தார்.

டக்கென்று நின்றது.

"அப்பாடா! சரிங்க டீச்சர், நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலீங்களே?"

"நிகழ்ச்சிக்கு நேரமாச்சு சார்."

சோலோ வந்தது. பழகியபடியேதான் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்து மொய்தீனைப் பார்த்தார். அவன் அடியைத் தணித்தான். இவரும் ஓட்டத்தை நிறுத்தி ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தார். மைதானம் கப்சிப். மொய்தீன் மெல்ல ஏற்றினான், இவரும் கூடவே ஏறினார். பழகாததெல்லாம் விரலுக்கு வந்தது. இரண்டு தப்பும் விழுந்தது. விழட்டும் என்று மேலே போனார். உச்சியில் தலையசைத்தார். மொத்த பேண்டும் ஒரே அடியாய்ப் பாட்டுக்குள் இறங்க, கூட்டம் கத்தித் தீர்த்தது.

கீழே வந்ததும் டாக்டர் நேராக ஷெரினிடம் போனார்.

"பழகினதுல பாதி மறந்துபோச்சுங்க டீச்சர். ரெண்டு இடத்துல தப்பு வேற. என்ன வாசிச்சேன்னே எனக்குத் தெரியல. எப்படிங்க இருந்துச்சு?"

ஷெரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் உங்களைப் பார்க்கவே இல்லை சார். மொய்தீனைத்தான் பார்த்துட்டிருந்தேன். அவன் சிரிச்சான்."