இன்று குடித்த பால்

"சாமி, நாங்க கிளம்புதோம்," என்றாள் வடிவு.

இடுப்பில் பிள்ளை. தோளில் துணிப்பை.

புகுந்த வீடு கதவைச் சாத்திய நாளில் கைப்பிள்ளையோடு இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவள். ஆறு மாதமாக மடத்தின் கணக்கை அவள்தான் எழுதுகிறாள்.

"எங்கே?" என்றார் மடத்தை நடத்தும் தம்பிரான்.

வடிவு துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். போக இடமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ரெண்டு வாய்க்கு எத்தனை நாளைக்கு ஓசிச்சோறுன்னு சமையல்காரர் சங்கரலிங்கம் கேக்காரு. அவர் கேட்டதுல தப்பில்ல, சாமி."

தம்பிரான் கணக்கு நோட்டைக் கையில் வாங்கினார். அன்று ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள்.

"மிச்சம் ஒன்பதாயிரமா?"

"பெட்டியில எண்ணிட்டேன். ஒரு ரூபா குறையாது."

அவர் பிள்ளையின் வாயோரம் காய்ந்திருந்த பாலைப் பார்த்தார்.

"இது என்னைக்கு வந்த பால்?"

"இன்னைக்குக் காலையில."

"நோட்டுல காணோமே?"

"பால்காரர் பத்தாந்தேதிதான் காசு வாங்க வருவாரு. கொடுக்கும்போது எழுதிக்கலாம்னு…"

"அதுவரைக்கும் பிள்ளை குடிக்கலைன்னு கணக்கா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்தாள், நோட்டை வாங்கி எழுதினாள். பால்காரர், மளிகைக்கடை, கரண்டு. எல்லாம் வாங்கியாயிற்று; எதற்கும் இன்னும் கொடுக்கவில்லை.

ஒன்பதாயிரம் வெறும் எண்ணூறாகச் சுருங்கியது.

எண்ணூறு ரூபாயில் மடத்தின் கஞ்சிக்கே காணாது. இதில் இன்னும் இரண்டு வாயா?

"ஒருத்தர் விட்டுப்போச்சு," என்றார் தம்பிரான்.

"பூக்காரியா? அவளுக்கு அன்னன்னைக்கே கொடுத்துருதோம்."

"பழைய கணக்குப்பிள்ளைக்கு மாசம் என்ன கொடுத்தோம்?"

பக்கத்தைப் புரட்டினாள். "மூவாயிரம்."

"அவர் போய் ஆறு மாசம் ஆச்சு. நோட்டு தன்னால எழுதிக்கிச்சா?"

பேனா நின்றது.

"எனக்கு யாரும் ஒண்ணும் கொடுக்கலியே, சாமி."

"பால்காரருக்கும்தான் கொடுக்கலை."

"நாங்க தின்ன சோறு?"

"சோறு இங்க வர்ற எல்லாருக்கும் உண்டு. கணக்கு எல்லாருமா எழுதுனாங்க?"

ஒரு வரி எழுதினாள்: வடிவு, ஆறு மாதச் சம்பளம், பதினெட்டாயிரம்.

கூட்டிப் பார்த்தாள்.

"சாமி! மிச்சமே இல்ல. மடம் கடனாளி ஆயிருச்சு!"

"யாருக்கு?"

நோட்டைப் பார்த்தாள். நான்கு பெயர்களில் அவள் பெயருக்கு நேரேதான் பெரிய தொகை.

தம்பிரான் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வே, சங்கரலிங்கம்! நமக்குக் கடன் கொடுத்தவங்க வந்திருக்காங்க. இலை போடும்."