மூன்று நாற்பதுக்கு வந்த மின்சாரம்

நாளிதழில் இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே மாதம் ஒருமுறை ஒரு சிறு அறிவிப்பு வரும். பராமரிப்புப் பணிக்காக இந்தந்தப் பகுதிகளில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த அறிவிப்பை வைத்து ஒரு முழு இசைத்தொகுப்பையே செய்துவிடலாம் என்று ஈரோட்டில் மூன்று பேர் துணிந்தார்கள்.

மிருதுளா பாட்டு எழுதிப் பாடுபவள். லோகேஸ்வரன் கையில் எலெக்ட்ரிக் கிட்டார். அன்வர்தீன் டிரம்ஸ். இந்த ராக் இசைக்குழுவுக்கு ‘மும்முனை’ என்று பெயர். முதல் தொகுப்பின் பெயர் ‘மாதாந்திரப் பராமரிப்பு’. ஒரு தெருவின் மின்தடை நாள்தான் கதை. எட்டு மணி நேரம், எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில், சரியாக ஐந்து மணிக்கு, மின்சாரம் திரும்பும். கிட்டார் ஒலியைத் தன் மனசுக்குப் பிடித்தபடி அமைக்கவே லோகேஸ்வரனுக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒலிப்பதிவுக்கு அவர்கள் தங்களுக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். எட்டுப் பாட்டும் ஒரே நாளில், அதனதன் மணிக்குள் பாடப்பட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே தடவைதான். பாடி முடித்தபின் யாரும் கை வைக்கக் கூடாது. மூவரும் தலையசைக்காமல் தொகுப்பு வெளியே போகாது.

இடம் கிடைத்தது லோகேஸ்வரனின் மாமாவுடைய விசைத்தறிக் கூடத்தில். தறி ஓடும்போது அங்கே பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. “செவ்வாக்கெழம தறி ஓடாது. காத்தால இருந்து சாயங்காலம் வரைக்கும் தாராளமா தட்டிக்கங்க” என்றார் மாமா. மிருதுளா வியாழக்கிழமை புனேவுக்கு ரயில் ஏற வேண்டியவள், அங்கே வேலை. அதன்பின் மூவரும் எப்போது ஒரே ஊரில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்குச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். தறி ஏன் ஓடாது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது.

மாமா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கரண்டு நிக்கற அன்னிக்குத்தானேடா தறி ஓடாது? இதப் பத்தியே எட்டுப் பாட்டு எழுதுனவங்களுக்கு இது தெரியலயா?”

“டேய் லோகு, நம்ம பாட்டுல கரண்டே கெடையாது. அதுல உன் கிட்டார் மட்டும் எப்படிடா கத்துது? ரெண்டு வருசமா நமக்கு இது தோணவே இல்ல பாரு” என்றான் அன்வர்தீன்.

“எனக்குத் தோணுச்சு. சொன்னா இவன் அழுவான்னு விட்டுட்டேன்” என்றாள் மிருதுளா.

வேறு நாள் கிடையாது. அன்வர்தீனிடம் பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. அதை நடுவில் வைத்தார்கள். மிருதுளா மைக் இல்லாமல் பாடினாள். அன்வர்தீன் குச்சியை வைத்துவிட்டு விரல்களால் தட்டினான். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார், கொசு முனகுவதுபோல ஒலித்தது. லோகேஸ்வரன் அதன் ஒலிபெருக்கியை மட்டும் அணைக்கவில்லை. “வந்தா வரட்டும்” என்றான். வெறும் குரலும் விரலுமாக ஆறு பாட்டு முடிந்தது. நினைத்ததைவிட நன்றாகவே வந்திருந்தது.

ஏழாவது பாட்டின் பாதியில், மூன்று நாற்பதுக்கு, மின்சாரம் வந்துவிட்டது. பராமரிப்பு வேலை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். விசிறிகள் சுற்றின. ஒலிபெருக்கி உறுமியது. இரண்டு வருட உழைப்பு அரை நிமிடம் கூடமெங்கும் முழங்கியது. லோகேஸ்வரன் கையை எடுக்கவில்லை. மிருதுளா பாட்டை நிறுத்தி, சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அதுவரை அன்வர்தீன் தாளத்தை விடாமல் பிடித்திருந்தான். அவள் திரும்பி வந்து விட்ட அடியிலிருந்தே பாடி முடித்தாள். எட்டாவது பாட்டில், ஐந்து மணி அடிக்கையில், அவளே போய் மெயினை ஏற்றினாள். கதைப்படி மின்சாரம் வந்தது.

புதன்கிழமை மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். சண்டை ஏழாவது பாட்டில்தான்.

“அந்த அரை நிமிசத்த வெட்டிரலாம். கதையில கரண்டு அஞ்சு மணிக்குத்தான் வருது. மூணு நாப்பதுக்கே வந்துட்டா எட்டாவது பாட்டு எதுக்கு?” என்றாள் மிருதுளா.

“கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? அது அப்படியே இருக்கட்டும்” என்றான் லோகேஸ்வரன்.

“உன் கிட்டார் கேக்கறதே அங்கயும் கடைசியிலயும்தான். அதான் உனக்குச் சட்டம் ஞாபகம் வருது.”

“ஆமா, அதுக்கென்ன?” என்றான் அவன்.

அன்வர்தீன் சமாதானம் பேசினான். “மாமாகிட்டச் சொல்லி இன்னிக்கு மூணு மணிக்குத் தறிய நிறுத்தச் சொல்றேன். அந்த ஒரு பாட்ட மட்டும் திரும்பப் பாடிரலாம். அதே மணிதானே?”

மறுநாள் ரயில். ஒரு தலை ஆடாவிட்டாலும் இரண்டு வருட வேலை பெட்டிக்குள் போய்விடும். வெட்டச் சொன்னவள், விடச் சொன்னவன், திரும்பப் பாடச் சொன்னவன். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: லோகேஸ்வரன் சொன்னதே சரி. வெட்டினால் கை வைத்ததாகும். புதன்கிழமை பாடினால் மணி ஒன்றாக இருக்கலாம், நாள் வேறு, தடவையும் இரண்டாகும். அவனுக்கு அதில் சுயலாபம் இருந்தது உண்மை; அதனால் சரியான பேச்சு தப்பாகிவிடாது. கதை கெடுமே என்ற மிருதுளாவின் பயத்துக்கும் இடமில்லை. மெயினை இறக்கியபோதே, தன்னையறியாமல், அவள் கதையைச் சரிசெய்துவிட்டாள். மூன்று நாற்பதுக்கு வந்து, அரை நிமிடத்தில் போய், ஐந்துக்கு மறுபடி வரும் மின்சாரத்தை நம்மூரில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இதை அன்வர்தீன் எடுத்துச் சொன்னதும் மிருதுளா சிரித்துவிட்டுத் தலையசைத்தாள், ஒரு நிபந்தனையோடு. தொகுப்பின் உறையில் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்: “பாடல்கள், குரல், மின்தடை: மிருதுளா.”